கடற்காற்று தின்ற கேட்: அடிச்சட்டம் மாற்றிய பதிவு

இரும்பு கேட்டைத் துரு வெளியிலிருந்து தின்பதாகத்தான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். பெயின்ட் உரிந்த இடம்தான் கண்ணில் படும். ஆனால் சதுர பைப்பில் செய்த கேட்டுகள் பெரும்பாலும் உள்ளிருந்துதான் போகின்றன. பைப்பின் எங்கோ ஒரு மூலையில் வெல்டிங் முழுதாக மூடாமல் ஊசி முனை அளவு ஓட்டை இருக்கும். மழை பெய்யும்போது அதன் வழியாக நீர் இறங்கும். இறங்கிய நீருக்கு வெளியேற வழி கிடையாது. மேலே இருக்கும் சட்டங்களுக்கு ஒன்றும் ஆகாது, அடிச்சட்டம் மட்டும் வருடக்கணக்கில் தொட்டி மாதிரி நீரைச் சுமந்துகொண்டு நிற்கும்.

சென்னையின் தென்பகுதியில், கடலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டு வாசல் கேட் அந்த வகை. இரண்டு கதவு, ஒவ்வொன்றும் ஐந்தடிக்கு ஐந்தடி. சட்டம் 40×40 மில்லிமீட்டர் சதுர பைப். மேல் பாதியில் 12 மில்லி சதுரக் கம்பி, கீழ்ப் பாதியில் தகடு. தகட்டை அடிச்சட்டத்தின் நடுவில் நிறுத்தி வெல்டு வைத்திருந்ததால் உள்ளேயும் வெளியேயும் கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு திண்ணை உண்டாகியிருந்தது. மண்ணும் வேப்பிலையும் ஈரமும் தங்க இதைவிட வசதியான இடம் வேறு வேண்டாம். போதாததற்கு எங்கள் தெருவில் ரோடு போடப் போட மட்டம் உயர்ந்துகொண்டே போகிறது. கேட் செய்த காலத்தில் அதற்குக் கீழே இருந்த இடைவெளி இப்போது பாதிகூட இல்லை.

கடற்காற்றில் வரும் உப்பு தன் பங்கைச் செய்தது. உப்பு படிந்த பரப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மழையில்லாத நாளிலும் அந்த இரும்பு நனைந்தேதான் இருக்கிறது.

வலது கதவை முதலில் எடுத்துக்கொண்டேன், அதுதான் மோசம். வேலை நடந்த இடம் கார் நிறுத்தும் ஷெட். காரை வெளியே எடுத்துவிட்டு, ஸ்கூட்டரையும் எடுத்தேன். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் கிரைண்டர் பொறி பறப்பது சரிப்படாது. மிச்சமிருந்த தரை டைல்ஸ் மேல் பழைய தகரத்தை விரித்தேன். கிரைண்டரிலிருந்து வரும் பொறி வெறும் ஒளியாகத் தெரிந்தாலும் அது உருகிய இரும்புத் துணுக்கு. கண்ணாடியில் பட்டால் குழி விழும், டைல்ஸில் ஒட்டினால் அடுத்த நாள் காலை புள்ளி புள்ளியாகத் துரு தெரியும். ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்வது என் வழக்கம். சருகுக்குள் விழுந்த பொறி சாவகாசமாகத்தான் புகையும்.

முதல் வேலை, அடிச்சட்டத்தின் கீழ்ப்பக்கம் 6 மில்லி டிரில்லால் இரண்டு ஓட்டை போடுவது. இதைத் தவிர்க்கவே கூடாது. நீர் அடைபட்டிருக்கும் பைப்பைச் சூடாக்கினால் உள்ளே ஆவி அழுத்தம் ஏறும். உருகிய உலோகத்தை அது நம் முகத்தை நோக்கித் துப்பக்கூடும். டிரில் உள்ளே இறங்கியதுமே செம்மண் கரைசல் மாதிரி ஒழுகியது. பிறகு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், போன இரும்பு பொத் பொத்தென்று சொல்லும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்திப் பார்த்தேன். அடிச்சட்டம் முழுக்கப் போயிருந்தது, இரண்டு பக்கச் சட்டங்களிலும் கீழே நான்கு அங்குலம் வரை போயிருந்தது, தகட்டின் கீழ் ஓரம் வடை சட்டியின் விளிம்பு மாதிரி பொரிந்திருந்தது.

போன பகுதியை அப்படியே பழையபடி செய்து ஒட்டுவது சுலபம். ஆனால் அதே வடிவத்தைத் திரும்பச் செய்தால் அதே வியாதிதான் திரும்ப வரும். எனவே அடிச்சட்டத்துக்குப் பைப்பே வேண்டாம் என்று முடிவு செய்தேன். 25×25×5 ஆங்கிலை, அதாவது எல் வடிவ இரும்பை, அதன் முதுகு (இரண்டு பக்கமும் சேரும் மூலை) மேலே பார்க்கும்படி கூரை மாதிரி கவிழ்த்து வைப்பது திட்டம். மேலே விழும் நீர் இரண்டு பக்கமும் வழிந்துவிடும். அடிப்பக்கம் திறந்திருப்பதால் பிரஷ் உள்ளே போகும், கண்ணும் போகும். அப்படிச் சாய்த்து வைத்தால் அகலம் சுமார் 35 மில்லி, 40 மில்லி பக்கச் சட்டத்துக்குள் அடங்கிவிடும். எடையும் கூடவில்லை. இந்த ஆங்கில் மீட்டருக்கு 1.8 கிலோ, பழைய பைப் 1.6 மில்லி கனத்தில் மீட்டருக்குச் சுமார் 1.9 கிலோ. தகட்டை அடிச்சட்டத்தோடு சேர்க்காமல் மூன்று அங்குலம் மேலேயே நிறுத்திவிட்டு, இடையில் சின்னச் சின்னக் கம்பிகள். அந்த இடைவெளியில் பெருச்சாளி வருமே என்று வீட்டில் கேட்டார்கள். அது கேட்டுக்குக் கீழேயே வந்துகொண்டுதான் இருக்கிறது.

இரும்புக் கடையில் ஒரு விஷயம். சதுர பைப்பை கேஜ் சொல்லித்தான் கேட்போம், 16 கேஜ் என்றால் 1.6 மில்லி, 18 கேஜ் என்றால் 1.2 மில்லி. வெட்டிய முனையில் பிசிர் இருப்பதால் கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்வது கஷ்டம். தராசு பொய் சொல்லாது. 40×40 பைப் ஆறு மீட்டர் நீளம் 16 கேஜில் பதினோரு கிலோவுக்கு மேல் வர வேண்டும், 18 கேஜ் என்றால் ஒன்பது கிலோவைத் தாண்டாது. முழு நீளத்தைத் தராசில் வைக்கச் சொன்னால் கனம் தெரிந்துவிடும். கிலோ கணக்கில் வாங்கும்போது மெல்லிய பைப்பைத் தந்தால் காசு நஷ்டமில்லை என்று நினைக்கலாம். ஆனால் 1.2 மில்லியில் ஆர்க் வெல்டிங் செய்வது வேறு அளவு பொறுமையைக் கேட்கும்.

என்னிடம் இருப்பது 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின், ஒற்றைப் பேஸில் ஓடுவது. வீட்டு லைன் தாங்குமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. கணக்கு இதுதான். 80 ஆம்பியரில் ஆர்க்கின், அதாவது வெல்டிங் முனையில் எரியும் மின்வில்லின், மின்னழுத்தம் சுமார் 23 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 1.85 கிலோவாட். மெஷினுக்குள் ஆகும் இழப்பு, பவர் ஃபேக்டர் இரண்டையும் சேர்த்தால் 230 வோல்ட் லைனிலிருந்து 13, 14 ஆம்பியர் இழுக்கும். 2.5 மில்லி ராடு (உருகி ஒட்டும், மேலே பூச்சு உள்ள வெல்டிங் கம்பி) எரிக்க 16 ஆம்பியர் பவர் பிளக் போதும். 3.15 மில்லி ராடு போட்டு 120 ஆம்பியருக்கு ஏற்றினால் அதே கணக்கு 21, 22 ஆம்பியருக்குப் போய்விடும். அது அந்த பிளக்குக்கு உரிய வேலை இல்லை, தனி லைன் வேண்டும். மெஷின் மேல் 200 என்று எழுதியிருப்பதால் வீட்டில் 200 கிடைத்துவிடாது.

எக்ஸ்டென்ஷன் வயரையும் சொல்ல வேண்டும். 1.5 சதுர மில்லி வயர் இருபது மீட்டர் போனால் 14 ஆம்பியரில் ஏழு வோல்ட் வரை கீழே விழும், வயரிலேயே நூறு வாட்டுக்குப் பக்கம் சூடாகப் போகும். வயரைச் சுருட்டி வைத்துக்கொண்டு வேலை செய்தால் அந்தச் சூடு முழுவதும் சுருளுக்குள்ளேயே நின்று உறை இளகிவிடும். 4 சதுர மில்லி வயர் என்றால் இழப்பு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதல்தான். எதுவானாலும் முழுக்கப் பிரித்துப் போட்டுவிட வேண்டும்.

ராடு 6013, 2.5 மில்லி, கடைக்காரர்கள் 12 கேஜ் என்பது. அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கம் வெல்டின் இழுவலிமை, சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. மூன்றாவது இலக்கமான 1, எல்லா நிலையிலும் வெல்டு வைக்கலாம் என்பதற்கு. கடைசி 3, பூச்சின் வகைக்கு. சென்னைக் காற்றில் பிரித்து வைத்த பாக்கெட் சீக்கிரம் ஈரம் குடிக்கும். ஈர ராடு சடசடவென்று தெறிக்கும், வெல்டு மேல் பூச்சு உருகிப் படியும் கசடு ஒழுங்காகப் பிரியாது. சமையலுக்குப் பயன்படாத பழைய ஓவனில் 100 முதல் 110 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் சரியாகிவிடும். அதற்கு மேல் வறுக்கக் கூடாது, இந்த வகைப் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் தேவை.

அப்புறம் கதவைக் கழற்றுவது. கீலிலிருந்து தூக்க இரண்டு பேர் வேண்டும். எதிர்வீட்டு அண்ணன் வந்தார், துறைமுகத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கதவை இரண்டு ஸ்டாண்டு மேல் படுக்க வைத்து, ரசமட்டம் வைத்து, மூலைக்கு மூலை நூல் பிடித்து முறுக்கு இல்லை என்று பார்த்தோம். நான் கிரைண்டரைக் கையில் எடுத்ததும் அவர் சொன்னார்: "தம்பி, வெட்டுறதுக்கு முன்னாடி கட்டிப் போடு. இல்லன்னா அது இஷ்டத்துக்கு விரியும்."

சரிதான். பல வருடம் முன்பு வெல்டு வைத்தபோது உள்ளே தங்கிய இழுவிசை அந்தச் சட்டத்துக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கும். அடிச்சட்டத்தை வெட்டியதும் பக்கச் சட்டங்கள் இரண்டும் கால் விரித்து நிற்கும். வெட்டப் போகும் கோட்டுக்கு ஆறு அங்குலம் மேலே குறுக்காக ஒரு 25×5 பட்டையும், மூலைவாட்டில் இன்னொன்றும் வைத்து டாக், அதாவது பிடித்து நிற்கச் சின்னப் புள்ளி வெல்டு, அடித்தேன். வேலை முடிந்ததும் கிரைண்டரால் தட்டி எடுத்துவிடலாம்.

வெட்டுவதற்கு நான்கு அங்குல கிரைண்டரில் ஒரு மில்லி கட்டிங் வீல். பல வீல்களின் நடு வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் அச்சிட்டிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. பிசினால் கட்டிய வீல் அது, ஈரமும் வயதும் அதைப் பலவீனமாக்கும். நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றில் உடைந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். வீலை மறைக்கும் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வெட்டும்போது ஒரு பழைய ஒட்டு வெளிப்பட்டது. எப்போதோ யாரோ ஜிஐ தகட்டுத் துண்டு ஒன்றை வைத்து ஓட்டையை அடைத்திருந்தார்கள். ஜிஐ என்றால் மேலே துத்தநாகப் பூச்சு. இரும்பு உருகுவது ஏறக்குறைய 1,500 டிகிரியில், துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கம் வரும். பால் குடித்தால் முறிந்துவிடும் என்பார்கள். பால் வயிற்றுக்குப் போகும், புகை போவது நுரையீரலுக்கு. ஒட்டை முழுவதுமாக வெட்டி எறிந்தேன், அதன் பக்கத்தில் வெல்டு வைக்கும் தேவையே வரவில்லை.

வெட்டி முடித்ததும் பக்கச் சட்டங்களுக்கு ஒட்டுப் போடும் வேலை. இந்த மொத்த வேலையில் இதுதான் கஷ்டமான இடம். புது பைப் 1.6 மில்லி, பழையது உள்துரு போக ஒரு மில்லி இருந்தாலே பெரிது. இரண்டையும் நேராக முட்ட வைத்து ராடு பிடித்தால் பழைய பக்கம் ஓட்டை விழும். அதற்கு ஒரு வழி, பைப்பின் உள்ளே இணைப்புக்குப் பின்னால் பட்டை வைப்பது. 25×5 பட்டையை ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, நாலு உள்பக்கங்களிலும் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும்படி டாக் அடித்தேன். ஒன்றோடு ஒன்று இடிக்காமல் இருக்க ஓரங்களைச் சாய்வாக அரத்தால் தேய்க்க வேண்டியிருந்தது. புது பைப்பை அதன் மேல் செருகி, இரண்டுக்கும் நடுவே இரண்டு மில்லி இடைவெளி விட்டேன். இப்போது ஆர்க்கை அந்த இடைவெளியில் பின்னால் தெரியும் ஐந்து மில்லி பட்டை மேலேயே நிறுத்தலாம். சூட்டைப் பட்டை வாங்கிக்கொள்ளும், உருகிய உலோகம் இரண்டு பக்க ஓரத்தையும் தானே நனைத்துக்கொள்ளும். 65 ஆம்பியர், ராடு மெஷினின் மைனஸ் முனையில். ஒரு அங்குலம் வைத்து நிறுத்தி, எதிர்ப்பக்கம் போய் ஒரு அங்குலம். தொடர்ந்து இழுத்துக்கொண்டே போகும் ஆசையை அடக்குவதுதான் இதில் உள்ள தொழில்நுட்பம்.

ஏன் இப்படி மாறி மாறி என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இரும்பு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டருக்கு 0.012 மில்லி விரியும், சுருங்கும். உருகிய நிலையிலிருந்து அறை வெப்பத்துக்கு வரும் வெல்டு தன் அகலத்தில் ஏறக்குறைய இரண்டு சதவீதம் சுருங்கப் பார்க்கும். ஐந்து மில்லி அகல வெல்டுக்கு அது 0.1 மில்லி. ஒரு தாளின் கனம். ஆனால் 40 மில்லி பைப்பின் ஒரு முகத்தில் மட்டும் அந்த 0.1 மில்லி சுருக்கம் நடந்தால் பைப் அந்தப் பக்கம் மடங்கும். ஒன்றரை மீட்டர் தள்ளி மறுமுனையில் பார்த்தால் அது கிட்டத்தட்ட நான்கு மில்லி விலகலாக நிற்கும். உண்மையில் மற்ற மூன்று முகங்களும் தடுப்பதால் அவ்வளவு வராது, ஆனால் எந்தத் திசையில் எந்த அளவில் போகப் பார்க்கிறது என்பது இதிலிருந்து தெரியும். எதிர்முகத்தில் உடனே அதே அளவு வெல்டு வைத்தால் பெரும்பகுதி திரும்பி வரும். முதலில் வைத்த வெல்டு எப்போதும் கொஞ்சம் அதிகமாக இழுக்கும், ஏனென்றால் அப்போது எதிர்ப்பக்கம் பிடிமானம் இல்லை.

அண்ணன் இதையெல்லாம் கணக்குப் போடாமலே செய்வார். டாக் அடித்தபின் சட்டத்தை ஒரு கண்ணால் நீளவாக்கில் பார்த்து, "இந்தப் பக்கம் கடைசியா வை" என்பார். அவர் சொன்ன பக்கம் ஒவ்வொரு முறையும் சரியாக இருந்தது.

ஆங்கிலைப் பொருத்தியது அதற்கு நேர்மாறாகச் சுலபம். முனைகளை நேர் செங்கோணத்தில் வெட்டி, இரண்டு பக்கச் சட்டங்களின் நடுவே கவிழ்த்து வைத்து, மேலே முதுகில் ஒன்று, கீழே ஓரங்களில் ஒவ்வொன்று என்று டாக். இந்த நிலையில் மூலைக்கு மூலை டேப் பிடித்தேன். இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால்தான் கதவு சதுரம். மூன்று மில்லி வித்தியாசம் இருந்தது, நீளமான மூலையில் ஒரு சுத்தியல் தட்டு கொடுத்ததும் சரியானது. முழு வெல்டு வைத்தபின் அதே மூன்று மில்லியைத் திருத்த வேண்டுமென்றால் வெட்டித்தான் ஆக வேண்டும். முழு வெல்டுக்கு ஆம்பியரை 80க்கு ஏற்றி, ராடை ஆங்கில் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். ஐந்து மில்லிக்கும் ஒன்றரை மில்லிக்கும் நடுவே வெல்டு வைக்கும்போது ஆர்க் கனமான பக்கமே இருக்க வேண்டும், மெல்லிய பக்கத்துக்கு ஓரம் நனைந்தால் போதும்.

தகட்டின் கீழ் ஓரத்தை நேராக வெட்டி, உள்பக்கம் 25×5 பட்டை வைத்து, ஐந்து அங்குலத்துக்கு ஒரு அங்குலம் என்று தையல் போட்டேன். முழு நீளமும் வெல்டு வைத்தால் 18 கேஜ் தகடு அப்பளம் ஆகிவிடும். தகடும் பட்டையும் ஒட்டும் மேல் சந்துதான் இப்போது இந்தக் கதவில் நீர் தங்கக்கூடிய ஒரே இடம். பிரைமர் காய்ந்த பிறகு அந்தச் சந்து முழுக்கப் பியூ சீலன்ட் (நீர் புகாத பாலியூரித்தேன் பசை) அடைத்தேன். தகட்டுக்கும் ஆங்கிலுக்கும் நடுவில் வரும் கம்பிகளின் அடிமுனையில் கிரைண்டரால் வி வடிவத்தில் வெட்டு எடுத்து, ஆங்கிலின் முதுகில் சவாரி செய்கிற மாதிரி உட்கார வைத்தேன். பொடி வேலை, நேரம் பிடித்தது, சொல்ல அதிகமில்லை.

ஹெல்மெட் தானாகக் கறுக்கும் வகை, 10ஆம் எண் நிறத்தில் வைத்தேன். அது வெளிச்சமாக இருக்கும்போதும் புற ஊதாக் கதிரைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆபத்து ஹெல்மெட் போட்டவருக்கு இல்லை, டாக் அடிக்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்குத்தான். கண் திரும்பிக்கொண்டால் போதும் என்று நினைப்பார்கள். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியும் சுடும். வலி அப்போதே தெரியாது, நள்ளிரவில் கண்ணுக்குள் மணல் போட்டது மாதிரி எழுப்பும். தாய்ப்பால் விடச் சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கண்ணில் எதையும் விடாமல் கண் டாக்டரிடம் போவது நல்லது. அண்ணனுக்குத் தனியாகக் கையில் பிடிக்கும் வெல்டிங் கண்ணாடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அவர் அதைப் பிடிப்பதைவிடக் கண்ணை மூடிக்கொள்வதையே விரும்புகிறார்.

பெயின்ட் அடிப்பதற்கு முன் கசடு ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது. கசடு கண்ணாடி மாதிரியான பொருள். அதன் மேல் பெயின்ட் பிடித்தது போல் தெரியும், அடுத்த மழைக்குச் செதிலாக உரியும். சிப்பிங் சுத்தியல், வயர் பிரஷ், கடைசியாக கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் வட்டான ஃபிளாப் டிஸ்க். அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை: நல்ல தண்ணீரால் முழுக்கக் கழுவி, வெயிலில் காய வைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுவது. உப்பின் மேல் பிரைமர் அடித்தால் துருவை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். ராத்திரி தாண்டவிட்டால் மறுநாள் காலை சுத்தமான இரும்பு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்.

பக்கச் சட்டங்களின் அடி முனையை மூடவில்லை. மூடினால் பழைய தொட்டி திரும்ப வந்துவிடும். கதவைத் தலைகீழாகச் சாய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமரைக் கொஞ்சம் இளக்கி அந்த முனைகளின் வழியே உள்ளே ஊற்றி, சுழற்றி, பிறகு நிமிர்த்தி வடியவிட்டேன். ஒட்டுப் போட்ட இடம் வரைக்குமாவது அது எட்டியிருக்கும். மேலே இரண்டு கை பிரைமர், இரண்டு கை எனாமல்.

திரும்ப மாட்டும்போது கதவை ஒரு அங்குலம் உயரமாக நிறுத்தினோம், அதற்காகவே பக்கச் சட்டங்களை ஒரு அங்குலம் குறைத்திருந்தேன். அடுத்த முறை ரோடு போடும்போது அந்த அங்குலம் காலியாகும் என்று அண்ணன் சொன்னார். கீழ்த்தாழ்ப்பாள் இப்போது தரைக் குழிக்கு எட்டாததால் அதன் கம்பியை மட்டும் நீட்ட வேண்டியிருந்தது.

இடது கதவுக்கும் இதே வைத்தியம்தான், ஆனால் அதற்கு அவ்வளவு அவசரமில்லை. அதன் அடிச்சட்டத்தில் டிரில் போட்டபோது நீர் வந்தது, சுத்தியல் சத்தம் இன்னும் முழுசாகப் பொத்தென்று ஆகவில்லை. மழை முடிந்து தை பிறந்ததும் எடுக்கலாம் என்று விட்டிருக்கிறேன். அதுவரை அந்த இரண்டு ஓட்டைகளும் திறந்தே இருக்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு கம்பியை விட்டு அடைப்பு எடுத்துவிடுகிறேன்.